ஒன்றரைப் பக்கத் தீர்ப்பு

“அடுத்த பக்கம் எங்க மேடம்?”

“அடுத்த பக்கம் இல்ல.”

“ஜெராக்ஸ் எடுக்கிறப்ப விட்டுப்போயிருக்கும். நல்லாப் பாருங்க.”

“எதுவும் விட்டுப்போகல. இது கோர்ட்டு குடுத்த சர்டிஃபைட் காப்பி. கடைசியில சீல் இருக்கு பாருங்க. அதோட தீர்ப்பு முடிஞ்சுது.”

“இந்த ஒன்றரைப் பக்கமா?”

“அதுலயும் ஒரு பக்கம் பேரும் விலாசமும்தான்.”

தேவகுமாரி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வெளியே கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பையே காணோம். மூடுபனி கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. தாளுக்குள்ளும் அதுதான் தெரிந்தது.

“நீங்க ஒரு தடவை வாசிங்க மேடம். நான் வாசிச்சது சரிதானான்னு பாத்துக்கிறேன்.”

வக்கீல் ராஜகுமாரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “இருதரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன. ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன. வழக்கின் சங்கதிகளைக் கருத்தில் கொண்டு, விசாரணை நீதிமன்றம் தவறான முடிவுக்கு வந்துள்ளதாக இந்நீதிமன்றம் கருதுகிறது. எனவே மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.”

“என்ன தப்புன்னு?”

“இல்ல.”

“யாரு சொன்னது தப்புன்னு?”

“அதுவும் இல்ல.”

கீழே சாக்லேட் கடையில் கொக்கோ கிண்டும் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. யாரோ சுற்றுலா வந்த குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதது. தேவகுமாரிக்கும் அப்படித் தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழலாம் போல இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் அது முடியாது. அதனால் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த இன்னொரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

முதல் தீர்ப்பு. முப்பத்து நான்கு பக்கம்.

ஒன்பது வருஷ வழக்கில் அவர்கள் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்த ஒரே பொருள் அதுதான். கவுஞ்சியில் அவளுடைய அப்பா நல்லையா பாடுபட்ட ஒன்றேகால் ஏக்கர் நல்லையாவுக்கே சொந்தம் என்று மலைமேல் இருந்த கோர்ட்டு எழுதிக் கொடுத்தது. எதிராளி ஞானவேல் சமவெளியில் இருந்த கோர்ட்டுக்கு அப்பீல் போனான். அப்பீல் நடக்கும்போதே நல்லையா கண்ணை மூடினார். போன புதன்கிழமை அந்த அப்பீலில் தோற்றுப்போனார்கள். ஏன் தோற்றார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் இந்த ஒரு வாரமாக இந்த நகலுக்காகக் காத்திருந்தாள்.

முதல் தீர்ப்பை அவள் எத்தனை முறை வாசித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு விடுதியில் சலவைப் பிரிவு அவள் பொறுப்பு. மெஷின் சுற்றும் நாற்பது நிமிஷத்தில் மற்றப் பெண்கள் போன் பார்ப்பார்கள்; இவள் தீர்ப்பு வாசிப்பாள். பத்தொன்பதாம் பத்தியில் அம்மா சாட்சியாக வருவாள். இருபத்து மூன்றாம் பத்தியில் கான் வரும்.

கான் என்றால் அவர்கள் பேச்சில் வாய்க்கால். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நல்லையா வேலை பார்த்ததே கான் வெட்டுவதுதான். கப்பல் ஏறி வந்தபோது கையில் கொண்டுவந்த சொத்தும் அந்த வித்தை ஒன்றுதான். சரிவுக்குக் குறுக்கே, லேசாகச் சாய்த்து, முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, நாலடிக்கு ஒரு இடத்தில் வெட்டாமல் ஒரு மண்கட்டையை விட்டுவிடுவார். மழைத்தண்ணீர் அந்தக் கட்டையில் முட்டி நின்று, வண்டலைக் குழியிலேயே இறக்கி வைத்துவிட்டுத் தெளிந்து போகும்.

“ஏலே நல்லையா, பூண்டு போடப் போறியா, தேயிலை வைக்கப் போறியா?” என்று கவுஞ்சியே சிரித்தது. ஒரு ஐப்பசி மழையில் அக்கம்பக்கத்துப் படிக்கட்டு நிலமெல்லாம் கரைந்து ஓடையில் போயிற்று. நல்லையாவின் மண் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அவர் செய்த தப்பு வேறு. அதுவும் தோட்டத்திலிருந்து வந்த பழக்கம்தான். அங்கே பெயர் எழுதிய காகிதம் எதுவும் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டில் இருக்காது. எல்லாம் ஆபீஸில் கணக்கப்பிள்ளையிடம் இருக்கும். இங்கே நிலம் வாங்கிப் பத்திரம் கைக்கு வந்ததும், அதை வைக்க அவருக்கு ஒரு ஆபீஸ் தேவைப்பட்டது. ஊர்க் காய்கறியை லாரியில் ஏற்றி அனுப்பும் வேலப்பனின் இரும்புப் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். “நீங்களே வச்சிருங்கய்யா” என்றார். முப்பது வருஷம் அது அங்கேயே இருந்தது. வேலப்பன் போன பிறகு அவர் மகன் ஞானவேல் அந்தப் பத்திரத்தோடு இன்னொன்றையும் சேர்த்து எடுத்துக் காட்டினான். நல்லையா தன் நிலத்தை வேலப்பனுக்கே விற்றுவிட்டதாக ஒரு கிரயப் பத்திரம். கீழே கையெழுத்து இல்லை. கலைந்துபோன ஒரு கைரேகை.

நல்லையாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ரேஷன் கார்டு முதல் மகள் கல்யாணப் பதிவு வரைக்கும் எல்லாவற்றிலும் போட்டிருந்தார். கையெழுத்துத் தெரிந்தவன் எதற்குக் கைநாட்டு வைப்பான் என்று முதல் நீதிபதி மூன்று பக்கம் கேட்டிருந்தார். கோர்ட்டு சார்பில் ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பிக் கானை அளக்கச் சொன்னார். ‘இவ்வகைக் கான்களை வெட்டும் வழக்கம் இப்பகுதியில் இல்லை. நாற்பதாண்டுகளாக இந்நிலத்தைப் பேணியது வாதியின் கைகளே’ என்று எழுதினார்.

“அதுக்கெல்லாம் இதுல ஒரு பதில் வேணாமா மேடம்?” தேவகுமாரி ஒன்றரைப் பக்கத்தை விரலால் தட்டினாள். “அந்தக் கான் பொய்யா? ரேகை நெசமா? எதையாச்சும் சொல்லணும்ல?”

“சொல்லித்தான் ஆகணும்.” ராஜகுமாரி கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கும் கோபம். ஆனால் அவள் கோபம் குரலைத் தாழ்த்தும். “முதல் கோர்ட்டு சொன்னது சரின்னு ஏத்துக்கிட்டா சுருக்கமா எழுதலாம், பரவால்ல. தப்புன்னு கவுத்துப்போட்டா, எந்த எடத்துல தப்பு, எந்தச் சாட்சிய ஏன் நம்பலைன்னு ஒவ்வொண்ணா எடுத்து எழுதணும். எதெதுக்கு முடிவு சொல்லணும், என்ன முடிவு, அதுக்கு என்ன காரணம்னு தீர்ப்புல இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அது ஜட்ஜோட இஷ்டம் இல்ல தேவகுமாரி. கடமை.”

“சரி, மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனா அவங்க எல்லாத்தையும் பாப்பாங்கல்ல?”

“பாக்க மாட்டாங்க. செகண்ட் அப்பீல்ல சட்டக் கேள்விக்குத்தான் காது குடுப்பாங்க. சாட்சி சொன்னது மெய்யா பொய்யான்னு எடைபோட வேண்டிய கடைசி எடம் இந்த முதல் அப்பீல்தான்.”

“அப்ப அம்மா ரெண்டு நாள் கூண்டுல நின்னு சொன்னத எடைபோட வேண்டிய கடைசி எடம்...”

“இதுதான்.” ராஜகுமாரி அந்த இரண்டு தாளையும் காட்டினாள். “அதத்தான் நான் மதுரையில கேக்கப் போறேன். காரணமே இல்லாத தீர்ப்பு தீர்ப்பா? அது நல்ல சட்டக் கேள்வி. அநேகமா மறுபடி ஒழுங்கா விசாரிச்சு எழுதுங்கன்னு திருப்பி அனுப்புவாங்க.”

“மறுபடியும் மொதல்லேர்ந்தா?”



தேவகுமாரி சிரித்தாள். அது சிரிப்பு மாதிரியே இல்லை. “எங்க லாண்டரியில ஒரு ரூல் இருக்கு மேடம். கெஸ்ட்டோட சட்டையில கறை போகலைன்னா, சும்மா திருப்பிக் குடுக்க முடியாது. சீட்டு எழுதிப் பின் பண்ணணும். ‘மஞ்சக் கறை, பழசு, ரெண்டு தரம் அலசியும் போகல.’ கீழ என் கையெழுத்து. ஒருத்தரோட சட்டைக்கு நான் காரணம் எழுதுறேன். எங்கப்பாவோட நெலத்துக்கு எழுத மாட்டாங்களா?”

அப்போது அவள் போன் அடித்தது. அம்மா. சுப்பம்மா வழக்கமாக மிஸ்டு கால்தான் கொடுப்பாள். இன்று விடாமல் அடித்தது.

“குமாரி, கான்ல மண்ணத் தள்றானுக.”

“யாரும்மா?”

“ஞானவேலு ஆளுக. ஏழு பேரு மம்பட்டியோட நிக்கிறானுக. கோர்ட்டு சொல்லிருச்சாம். நீ வெரசா வா.”

தேவகுமாரி சொன்னதைக் கேட்டதும் ராஜகுமாரி எழுந்தே விட்டாள். “புரியுதா? நாளைக்கு கேஸ் திரும்பி வந்தாலும் கான் இருக்காது. கமிஷனர் வந்து எதைப் பாப்பார்? உடனே போங்க. தேதியோட போட்டோ எடுங்க. என் ஜூனியர் நாளைக்கு வெள்ளனே மதுரை பஸ் ஏறுறா. ஸ்டே கேக்கணும்.” இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “வக்காலத்து. மூணு கையெழுத்து வேணும். உங்களுது, அம்மாவுது, தம்பியுது. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள.”

“தம்பி கீழ ஜீப்போட நிக்கிறான். போட்டுருவான்.”

“போடட்டும். அவர் போடலைன்னாலும் அப்பீல் நிக்கும்தான். ஆனா அவரை எதிர்த்தரப்புல சேத்துட்டுத்தான் போகணும். ஞானவேல் பேருக்குக் கீழ உங்க தம்பி பேரும் வரும். பெத்த மகனே அந்தப் பக்கம் நிக்கிறான்னு அவங்க வக்கீல் முதல் வார்த்தையா சொல்வார்.”

“எங்க சந்திரனா? நீங்க வேற மேடம்.”

ஜெயச்சந்திரனுக்கு முப்பத்தாறு வயது. கொடைக்கானலைச் சுற்றிக் காட்டும் ஜீப் ஓட்டுகிறான். அக்காவைப் பார்த்ததும் எப்போதும் ஏதாவது வம்பிழுப்பான். இன்று கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

பூம்பாறை தாண்டும் வரை அவளே பேசினாள். ஒன்றரைப் பக்கம், மண் தள்ளுவது, மதுரை, எல்லாவற்றையும் கொட்டினாள். வளைவுகளில் பனி விலகி விலகி மூடியது. கீழே சரிவில் கேரட் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி தெரிந்து மறைந்தார்கள்.

“மதுரைக்குப் போயி?” என்றான் அவன் கடைசியில். “இன்னும் ஒம்பது வருசமா?”

“ஒம்பதோ, தொண்ணூறோ. ஏன்னு கேக்க வேணாமா?”

“ஏன்னு தெரிஞ்சா மட்டும்? அப்பா எந்திரிச்சு வருவாரா?”

“என்னடா பேச்சு இது?”

“சும்மா சொன்னேங்க்கா.”

கியர் மாற்றும்போது அவன் இடது கட்டைவிரல் கண்ணில் பட்டது. நகக்கண்ணெல்லாம் கறை.

“கையில என்னடா?”

“கிரீஸ்.”

கிரீஸ் கறுப்பாக இருக்கும். கறையையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு அது தெரியாதா? இது நீலம், மை மாதிரி. ஆனால் அதற்குள் கவுஞ்சி வந்துவிட்டது. அவள் கதவைத் திறந்து ஓடினாள்.

மேல் படியில் முதல் கான் இருந்த இடமே தெரியவில்லை. புது மண் மூடி, மேலே மிதித்தும் விட்டிருந்தார்கள். இரண்டாவது கானும் பாதி போயிற்று. மீதிப் பாதியில் மம்பட்டிக்காரர்கள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காரணம், கானுக்குள் சுப்பம்மா உட்கார்ந்திருந்தாள்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். மடியில் கொஞ்சம் மண் கிடந்தது. யாரோ தெரியாமல் ஒரு மம்பட்டி தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

“அத்தே, எந்திரிங்க அத்தே,” என்று மேஸ்திரி பழனிமுத்து கெஞ்சிக்கொண்டிருந்தான். “எங்களுக்கும் சோலி கெடக்குல்ல.”

“ஒஞ் சோலியப் பாரு. நான் ஒன்னயப் புடிச்சா வச்சிருக்கேன்? தள்ளு மண்ண.”

“ஒங்க மேலயா தள்ளச் சொல்றீங்க?”

“ஏலே முத்து, ஒங்கப்பன் நெலம் ஓடையில போனப்ப இந்தக் கான்ல கெடந்த வண்டலத்தான் கூடையில அள்ளிட்டுப் போனான். அவன்கிட்டப் போய்ச் சொல்லு, அதத்தான் மூடப் போறேன்னு.”

ஆட்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்கள். பழனிமுத்துவின் முகம் சுருங்கியது.

தேவகுமாரி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். மூடிய கான், மூடாத கான், மம்பட்டிகள், அம்மா. “எல்லாரும் நல்லா நில்லுங்க. மதுரையில ஜட்ஜு பாப்பாரு.”

“அக்கா, கோர்ட்டே எங்காளு பக்கம் சொன்னதுக்கப்புறம்...”

“என்ன சொல்லுச்சு? சொல்லேன் பாப்போம். எதுக்காக எங்க நெலம் இல்லைன்னு சொல்லுச்சு? ஒரு காரணம் சொல்லு. நானே மண்ண அள்ளிப் போடுறேன்.”

பழனிமுத்து விழித்தான். “அது... எனக்கெப்படித் தெரியும்?”

“அவங்களுக்கும் தெரியாது. அதான் எழுதல.”

ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக மம்பட்டியைத் தோளில் போட்டார்கள். பழனிமுத்து கடைசியாகக் கிளம்பினான். வரப்பில் நின்றிருந்த ஜெயச்சந்திரனைத் தாண்டும்போது நின்றான்.

“என்னண்ணே, வீட்ல இன்னும் சொல்லலியா?”

ஜெயச்சந்திரன் கீழே பார்த்தான். பழனிமுத்து பதிலுக்குக் காத்திருக்காமல், “நாளைக்கு வருவோம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

தேவகுமாரி கேட்டாள். கேட்டதை அந்த நிமிஷம் எடுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள்.

“இரு,” என்றாள் சுப்பம்மா. “காயிதம் கொண்டாந்தியா? வாசி.”

“வீட்ல போயி வாசிக்கிறேன்மா.”

“இங்கனயே வாசி. இதப் பத்தினதுதான?”

கான் கரையில் உட்கார்ந்து தேவகுமாரி வாசித்தாள். மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. சுப்பம்மா தொடர்ந்து கேட்பது போலத் தலையைச் சாய்த்தபடியே இருந்தாள்.

“அவ்வளவுதாம்மா.”

“எம் பேரு எங்க?”

“மொதப் பக்கத்துல இருக்கும்மா. நம்ம எல்லார் பேரும்.”

“அது இல்ல. நான் சொன்னது. ரெண்டு நாள் நின்னேனே. அந்த வக்கீலு, கான் என்ன ஆழம், கட்டைக்குக் கட்டை எத்தன அடி, எந்த வருசம் வெட்டுனதுன்னு நோண்டி நோண்டிக் கேட்டாரே. ஒண்ணு கூடத் தப்பாச் சொல்லல. அது எங்க?”

“இல்லம்மா.”

“பொய் சொன்னேன்னாச்சும் எழுதிருக்கா?”

“அதுவும் இல்லம்மா.”

சுப்பம்மா மடியில் இருந்த மண்ணைக் கையில் எடுத்து நசுக்கினாள். “பொய்யின்னு எழுதியிருந்தாக் கூட, சரி, நம்மள நம்பலன்னு போயிருப்பேன். தோட்டத்துல தொரை கூட, பேரு வெட்டி அன்னாடக் கூலிய நிறுத்துனா, ஏன்னு காலையில ஆள் கூப்புடுற பெரட்டுல வச்சுச் சொல்லுவான். கொழுந்து கொறஞ்சுது, பிந்தி வந்தேன்னு ஏதாச்சும் சொல்லுவான். நான் பேசுனது அவுக காதுல விழுந்துச்சா, அதச் சொல்லட்டும்.” அவள் குரல் உடையவில்லை. கெட்டிப்பட்டது. “எங்க போடணும் கையெழுத்து? குடு.”

நல்லையா சொல்லிக்கொடுத்த கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, வரப்பு வெட்டுவது போல, சுப்பம்மா எழுதி முடித்தாள். கீழே தேவகுமாரி போட்டாள். மலை விளிம்பில் வெயில் ஒரு கீற்றாக வந்து கானுக்குள் விழுந்தது. அடைபட்ட இடம்வரை ஓடிவந்து அங்கே நின்றது.

“தம்பி, வா. மூணாவது நீதான்.”

ஜெயச்சந்திரன் வரப்பை விட்டு இறங்கவில்லை.

“சந்திரா. வக்கீலம்மா காத்துக்கிட்டிருக்கும். ஜூனியர் பொண்ணு வெள்ளனே பஸ் ஏறணும்.”

“நான் போடலக்கா.”

அவள் பேனாவை நீட்டியபடியே இருந்தாள். “வெளயாடாத.”

“நீங்க ரெண்டு பேரும் போட்டாச்சுல்ல? போங்க. என்னைய விட்டுருங்க.”

“விட்டுருங்கன்னா? போடலைன்னா ஞானவேல் பேருக்குக் கீழ ஒம்பேரு வரும்டா. அப்பா பேர எதிர்த்து நிக்கிற எடத்துல வரும். தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

அந்த ஒரு சொல்லை அவன் யோசிக்காமல் சொன்னான். ஏற்கெனவே யாரோ அவனுக்கு அதை விளக்கியிருக்கிறார்கள். தேவகுமாரிக்குப் பழனிமுத்துவின் கேள்வி இப்போதுதான் முழுதாக வந்து சேர்ந்தது. வீட்ல இன்னும் சொல்லலியா?

“கையக் காட்டு,” என்றாள்.

“எதுக்கு?”

“கையக் காட்டுடா. இடது கை.”

அவன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டான். சின்ன வயதில் பிளம்ஸைத் திருடித் தின்றுவிட்டு இப்படித்தான் நிற்பான். அவனுக்கும் கையெழுத்துத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தவன். கையெழுத்துத் தெரிந்தவன் எதற்குக் கைநாட்டு வைப்பான் என்று முப்பத்து நான்கு பக்கத்துக்குள் இருந்து யாரோ கேட்டார்கள். அப்பாவுக்காகக் கேட்ட கேள்வி.

“நான் கெளம்புறேன். கெஸ்ட் வெயிட் பண்றாங்க.” அவன் திரும்பினான். சாவிக்கொத்து குலுங்கியது.

“சந்திரா.”

அம்மா கூப்பிட்டாள். இன்னும் அவள் கானை விட்டு எழுந்திருக்கவில்லை. அதட்டவும் இல்லை. கூண்டில் நின்று வக்கீலுக்குப் பதில் சொன்னாளே, அந்தக் குரல்.

அவன் நின்றான். திரும்பவில்லை.

“போடாட்டிப் போ. எங்கயாச்சும் வேற எதுலயாச்சும் போட்டிருந்தா, அதுவும் ஒம்பாடு. நான் தடுக்கல.” சுப்பம்மா கையிலிருந்த மண்ணை மூடாத பக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டாள். “ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போய்யா.”